எழுதுகோல் உயர்த்தப்படாதவர்கள்

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வெளிவர வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறோம். விஷயம் அவருடைய தங்கையைப் பற்றியது. வயது 26. மாப்பிள்ளை சபரில் இருக்கிறார். அந்தப் பெண் ஐந்து நேரத் தொழுகையை விடாதவர். அஸருக்குப் பின் தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறார். பிள்ளைகளும் அவரிடம் உயிரையே வைத்திருக்கின்றன. ஆனால் கணவரிடமிருந்து வழக்கமான நேரத்தில் போன் வராவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் கியாமத்து நாள்தான். ‘என்னை விட்டுவிட்டார், இனி வரமாட்டார்’ என்று முதலில் அழுகை. அழுகை கோபமாகிறது. கையில் கிடைத்ததை உடைக்கிறார், பெற்ற உம்மாவை நாக்கூசும் வார்த்தைகளால் ஏசுகிறார், கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு தம் கையைத் தாமே கீறிக்கொள்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து மஃரிபு பாங்கு கேட்கும்போது உம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்புகிறார். மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஆப்பம் சுடுகிறார். முழங்கை வரை மூடிய சட்டையை மட்டும் எந்த வெயிலிலும் அவர் மாற்றுவதில்லை.

‘ஜின் தொந்தரவு’ என்கிறார் பெரியம்மா. ‘எல்லாம் நடிப்பு’ என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். தாயத்துக் கட்டியாயிற்று, ஏர்வாடிக்கு அழைத்துப்போய் மூன்று வாரம் தங்கியும் பார்த்தாயிற்று. கடைசியில் மதுரையில் ஒரு மனநல டாக்டர் இதற்கு ‘பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிசார்டர்’ என்று பெயர் சொல்லியிருக்கிறார். தமிழில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்கிறார்கள்.

சகோதரரின் கேள்வி இதுதான்: “ஆலிம்சா, என் தங்கச்சி பைத்தியமா, இல்லையா? பைத்தியம் என்றால் அவள் மேல் பாவம் எழுதப்படாது. பைத்தியம் இல்லை என்றால் உம்மாவை ஏசியதும் உடம்பைக் கீறியதும் அவள் ஏட்டில் ஏறிவிடுமே! இதில் எது?” கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி ஜமாஅத்தில் பேச்சு எழுந்திருக்கிறதாம். அதற்கும் நம் அபிப்பிராயம் வேண்டும் என்கிறார்.

கடிதம் நம் கைக்கு வந்து நான்கு மாதங்களாகின்றன. தாமதத்திற்குக் காரணங்கள் இரண்டு. நாம் மதரஸாவில் ஓதிய கிதாபுகளில் இந்த நோயின் பெயர் இல்லை. அறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது காரணத்தைச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

‘எல்லைக்கோடு’ என்றதும், பைத்தியத்தின் வாசற்படியில் நிற்பவர், நாளைக்கு உள்ளே விழுந்துவிடுவார் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு. அக்காலத்து மனோதத்துவ வைத்தியர்கள் மனநோய்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். புத்தி தெளிவாக இருந்தும் கவலையாலும் அச்சத்தாலும் வாடுவது ஒரு வகை. புத்தியே தடம் மாறி, இல்லாத குரலைக் கேட்பதும் இல்லாத உருவைக் காண்பதும் மற்றொரு வகை. இரண்டிலும் அடங்காமல் நடுவில் நின்ற சிலரைப் பற்றி அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க வைத்தியர் 1938-இல் எழுதினார். அவர்களுக்கு இட்ட பெயர்தான் இது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இது தனி நோயாக இடம்பெற்றது. பெயர் அவ்வளவு பொருத்தமில்லை என்று டாக்டர்களே இப்போது சொல்லிக்கொள்கிறார்கள். ஆனாலும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

கையேட்டில் ஒன்பது அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஐந்தாவது நெடுங்காலமாக இருந்தால்தான் இந்த நோய் என்று முடிவு செய்வார்கள். அத்தனையையும் இங்கே அடுக்கப்போவதில்லை. முதன்மையானது, நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற அச்சம். மெய்யாகவே யாரும் விட்டுப் போக வேண்டும் என்பதில்லை. முகம் சற்றுச் சுளித்தாலும், பதில் சொல்லச் சற்றுத் தாமதித்தாலும் போதும். அடுத்தது, நேற்று மலக்காகத் தெரிந்தவர் இன்று ஷைத்தானாகத் தெரிவது. நடுவில் ஒரு சாதாரண மனிதரைக் காண முடிவதில்லை. ‘நான் யார், எனக்கு என்ன வேண்டும்’ என்பதே நிலையில்லாமல் போவது, உள்ளே ஒன்றுமே இல்லாதது போன்ற வெறுமை, அடக்க முடியாத கோபம், தம்மையே காயப்படுத்திக்கொள்வது, உயிரை விட எண்ணுவது ஆகியவையும் அவற்றுள் அடங்கும். மனநிலை மணிக்கணக்கில் மாறும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற ‘பைபோலார்’ நோய் வேறு. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்வோர் உண்டு.

இராமேசுவரம் தீவுக்காரர்கள் வடபுறத்துக் கடலைப் பெண்கடல் என்றும் தென்புறத்துக் கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பாம்பன் பாலத்தின் மேல் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரே நாளில், ஒரே வேளையில், ஒரு பக்கம் குளம்போல் கிடக்க, மறுபக்கம் அலை எழும்பிக்கொண்டிருக்கும். இவர்களுடைய ஒரு நாள் அப்படிப்பட்டது. அந்தப் பெண் ஆப்பம் சுட்டதும் உண்மை, முந்தின நாள் தட்டை உடைத்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நடிப்பு என்று சொல்வதற்கில்லை.

இது ஏன் வருகிறது? பிறவியிலேயே சிலருக்கு உணர்ச்சி வேகமாகப் பற்றுகிறது, மெதுவாகத் தணிகிறது. வம்சத்தில் வருவதும் உண்டு. அதனுடன் சிறு வயதில் அடியோ, புறக்கணிப்போ, சொல்ல முடியாத வன்கொடுமையோ சேர்ந்தால் நோய் வேர்விடுகிறது. எல்லா நோயாளிகளுக்கும் அப்படியொரு கொடுமை நடந்திருக்கும் என்று எண்ணி உம்மா வாப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. ஆண்களுக்கும் இந்த நோய் வருகிறது. பெண் உடைத்தால் ‘ஜின்’ என்கிறோம். ஆண் உடைத்தால் ‘முன்கோபி’ என்று பட்டம் கொடுத்து, அவனுக்கு எப்படிச் சோறு போட்டால் கோபம் வராது என்று வீட்டுப் பெண்களுக்குப் புத்தி சொல்கிறோம்!

நம் இராமநாதபுரம் சீமையில் மனநோய் என்ற பேச்சை எடுத்தாலே பேச்சு ஏர்வாடிக்குத்தான் போகும். சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது பாதுஷா அவர்களின் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் நோயாளிகளை அழைத்து வருகிறார்கள். ஜியாரத்தைப் பற்றிய வாத பிரதிவாதங்களுக்கு இந்தக் கட்டுரை இடமல்ல. வாசகர்களில் இரு சாராரும் இருக்கிறீர்கள். இரு சாராரும் ஒப்புக்கொள்ளக்கூடியதையே சொல்கிறோம். தர்காவைச் சுற்றித் தனி மனிதர்கள் பணம் வாங்கிக்கொண்டு நடத்திய மனநோயாளர் இல்லங்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மவுத்தானார்கள். ஒரு வாரத்திற்குள் அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்ட நோயாளிகளை அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. பிற்காலத்தில் தர்காவின் அருகிலேயே அரசு மனநல டாக்டர்கள் நோயாளிகளைப் பார்க்கும் ‘தவா-துஆ’ ஏற்பாடும் வந்தது. 2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த மனநோயாளியையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடை செய்திருக்கிறது.

இதை இங்கே எதற்காகச் சொல்கிறோம்? அந்தச் சங்கிலி நம் எண்ணத்திலும் இருக்கிறது. நம் ஊர்களில் மனத்துக்கு இரண்டே அறைகள்தான். ஒன்றில் ‘நல்லா இருக்கிறவங்க’, மற்றொன்றில் ‘கட்டிப்போட வேண்டியவங்க’. இரண்டிலும் சேராத ஒருவர் வந்தால் நமக்குக் கை ஓடுவதில்லை. நல்லா இருக்கிறவள்தானே, ஏன் இப்படிச் செய்கிறாள் என்று அடிக்கிறோம். அல்லது இவள் சரியில்லை என்று மூன்று வாரத்துக்கு எங்கேயாவது கொண்டுபோய் விடுகிறோம். கைவிடப்பட்டுவிடுவோமோ என்ற அச்சமே நோயாக இருக்கிற ஒருத்தியை, நோயைத் தீர்ப்பதற்காக என்று சொல்லி, விட்டுவிட்டு வருகிறோம்!

இனி கேள்விக்கு வருவோம். உறங்குபவர் விழிக்கும் வரையிலும், சிறுவர் பருவமடையும் வரையிலும், புத்தி பேதலித்தவர் தெளியும் வரையிலும் அவர்களின் செயல்களை எழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நபி (ஸல்) அவர்களின் பிரசித்தமான ஹதீஸின் கருத்து. அபூதாவூது முதலிய நூல்களில் அது பதிவாகியிருக்கிறது. சகோதரரின் கேள்வி இந்த ஹதீஸிலிருந்துதான் பிறந்திருக்கிறது. நேரடியாகப் பதில் சொல்வதானால், அவருடைய தங்கை அந்த மூவரில் ஒருவர் அல்லர். அவருக்குப் புத்தி இருக்கிறது. தொழுகை அவர்மேல் கடமையாகவே இருக்கிறது. விட்டால் களாச் செய்யத்தான் வேண்டும். அவர் வாங்கினால் வாங்கியதுதான், விற்றால் விற்றதுதான். அவரைப் பைத்தியக்காரர் என்று தீர்ப்பெழுதி எழுதுகோலை உயர்த்திவிடுவது இரக்கம்போலத் தோன்றும். ஆனால் அதே தீர்ப்பினால் அவருடைய சொத்துரிமையும், பிள்ளைகளை வளர்க்கும் உரிமையும், அவர் சொல்லுக்குள்ள மதிப்பும் பறிபோகும். அப்படிப்பட்ட இரக்கத்தை அவரே விரும்புவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் மற்றவர்களைப் போலவே எல்லாம் அவர் ஏட்டில் ஏறும் என்று சொல்லிக் கிதாபை மூடிவிடலாமா? நம் இமாம்களே அப்படி மூடவில்லை. கோபத்தில் சொல்லப்படும் தலாக்கைப் பற்றி ஹிஜ்ரி 751-இல் (கி.பி. 1350) மறைந்த இப்னுல் கைய்யிம் (ரஹ்) அவர்கள் எழுதும்போது கோபத்தை மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். தான் சொல்வது தனக்குத் தெரிந்திருக்கும் கோபம் ஒன்று. தான் சொல்வதே தெரியாத கோபம் ஒன்று. இவை இரண்டுக்கும் இடையே, அறிவு போகவில்லை, ஆனால் அறிவுக்கும் நாவுக்கும் நடுவே ஒரு கதவு அடைபட்டுவிட்டது என்பது போன்ற நிலை ஒன்று. அந்த நடுப்படியில் நின்றவரின் தலாக் நிகழாது என்ற பக்கமே அவர்கள் சாய்ந்தார்கள். நம் கடற்கரை முழுதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் அது நிகழ்ந்துவிடும் என்பதே சட்டம். அதை மாற்றிச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. நாம் காட்ட விரும்புவது, புத்தி உண்டு ஆனால் பிடி இல்லை என்ற ஒரு நடு நிலை இருப்பதை 600 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆலிம்கள் கண்டு வாதித்திருக்கிறார்கள் என்பதைத்தான். அவர்களுக்கும் முன்னர், ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலைப் போலவே உள்ளமும் நோயுறும் என்று சொல்லிக் கோபம், அச்சம், துயரம், ஓயாத வீண் எண்ணங்கள் ஆகியவற்றுக்குத் தனியே பரிகாரம் எழுதி வைத்தார்.

இதில் நம்மை உறுத்துகிற ஒன்று உண்டு. இரவில் கோபத்தில் தலாக் சொல்லிவிட்டு விடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் வந்து அமருகிற ஆணுக்காக நாம் எத்தனை கிதாபுகளைப் புரட்டுகிறோம்! ‘அந்த நேரத்தில் உனக்கு நினைவிருந்ததா? கண் இருண்டதா? என்ன சொன்னாய் என்று தெரிந்துதான் சொன்னாயா?’ என்று அவனுக்காக நாமே தேடித் தேடிக் கேட்கிறோம். உம்மாவை ஏசிவிட்டுக் காலைப் பிடித்து அழுகிற பெண்ணிடம் இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது யாரேனும் கேட்டதுண்டா?

பாவமும் நன்மையும் சக்திக்கு உட்பட்டவை. எவருடைய சக்திக்கும் மேலாக அல்லாஹ் சுமத்துவதில்லை என்பது குர்ஆனின் தெளிவான போதனை. ஆனால் சக்தி எல்லோருக்கும் ஒன்றாயிருப்பதில்லை. ஒருவருக்கே எல்லா நேரத்திலும் ஒன்றாயிருப்பதில்லை. அந்தக் குறிப்பிட்ட மாலை வேளையில், அந்த அறைக்குள், அவருக்கு எவ்வளவு சக்தி இருந்தது என்பதை அளக்கும் தராசு நம்மிடம் இல்லை, டாக்டரிடமும் இல்லை. அது எவனிடம் இருக்கிறதோ அவனிடம் விட்டுவிட வேண்டியது. நம் பொறுப்பில் இருப்பது அவருடைய சக்தி வளர என்ன செய்யலாம் என்பது மட்டுமே.

மதீனாவில் ஒரு பெண் இருந்தார். அவருடைய புத்தியில் ஏதோ ஒன்று இருந்தது என்று மட்டும் அனஸ் (ரலி) அவர்கள் சொல்வதாக முஸ்லிம் நூலில் வருகிறது. என்ன நோய் என்று பெயர் சொல்லவில்லை. அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து தமக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்றார். நாயகம் அவர்கள் அவரை இன்னாரின் தாயே என்று மரியாதையாக அழைத்து, எந்தத் தெருவில் நின்று பேச விரும்பினாலும் அங்கே வந்து கேட்பதாகச் சொன்னார்கள். அப்படியே அவருடன் ஒரு வழியோரத்தில் தனியே நின்று, அவர் சொல்லவேண்டியதெல்லாம் முடியும் வரை கேட்டார்கள். ஓதி ஊதியதாக அந்த அறிவிப்பில் இல்லை. புத்தி சொன்னதாகவும் இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்தப் பெண்ணிடமே கொடுத்தார்கள்; முடியும் வரை நின்றார்கள். இந்த ஹதீஸை நாம் நாயகத்தின் பணிவுக்கு உதாரணமாக எத்தனையோ ஜும்ஆக்களில் சொல்லியிருக்கிறோம். அந்தப் பெண்ணின் பக்கம் நின்று ஒருமுறைகூட இதைப் பார்த்ததில்லை.

இப்போது அந்த இரண்டாவது காரணம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நாம் வேறொரு கடற்கரை ஊரில் இமாமாக இருந்தோம். அங்கே ஒரு வாலிபர். வயது 22. வாப்பாவுடன் கடலுக்குப் போகிறவர். நல்லவர், ஆனால் முன்கோபி என்று பெயர். சிநேகிதன் ஒருவன் ஒரு வேளை பேசாமல் போனால் படகுத்துறையிலேயே சண்டை. அன்று இரவே அவன் வீட்டு வாசலில் போய் அழுகை. கையில் வரிவரியாகத் தழும்புகள். வலைக் கயிறு அறுத்தது என்பார். நம்மிடம் வந்து தண்ணீர் ஓதி வாங்கிப்போவார். நாமும் ஓதிக் கொடுத்து, சபுர் செய், கோபம் ஷைத்தானின் குணம் என்று சொல்லி அனுப்புவோம். ஒரு நாள் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

ஜனாஸா பள்ளிக்கு வந்தபோது நாம் தொழ வைக்கவில்லை. அம்பு முனைகளால் தம்மைக் கொன்றுகொண்ட ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தொழ வைக்காமல் விட்ட ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது என்று காரணம் சொன்னோம். முஅத்தின் தொழ வைத்தார். நாம் ஸஃபில்கூட நிற்காமல் ஹுஜ்ராவில் இருந்துகொண்டோம். அடக்கம் முடிந்த பிறகு அவருடைய வாப்பா வந்தார். சண்டை போட வரவில்லை. “ஆலிம்சா, ரெண்டு வருசமா உங்ககிட்டதானே வந்துக்கிட்டு இருந்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாம் காட்டிய ஹதீஸ் உண்மையானதே. ஆனால் அதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், மற்றவர்கள் இதில் துணிந்துவிடக் கூடாது என்பதற்காக நாயகம் அவர்கள் தாம் மட்டும் விலகினார்கள், ஸஹாபிகள் அவருக்குத் தொழுதார்கள் என்ற கருத்தைச் சொல்லி, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) உள்ளிட்ட பெரும்பான்மையோர் தொழ வைக்க வேண்டும் என்றே கூறுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். நமக்கு அது தெரியாமலில்லை. பரீட்சையில் எழுதியிருக்கிறோம்.

அதே முஸ்லிம் நூலின் ஈமான் பகுதியில் இன்னொரு ஹதீஸ் உண்டு. துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களுடன் அவர்கள் கூட்டத்தார் ஒருவர் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தார். ஊர் ஒத்துக்கொள்ளாமல் நோயுற்றார். தாங்க முடியாமல் தம் கையைத் தாமே காயப்படுத்திக்கொண்டு, இரத்தம் போய் மவுத்தானார். பிறகு துஃபைல் (ரலி) அவர்கள் அவரைக் கனவில் கண்டார்கள். நல்ல தோற்றத்தில் இருந்தார்; ஆனால் கைகளை மூடி மறைத்திருந்தார். ஹிஜ்ரத் செய்ததற்காக அல்லாஹ் தம்மை மன்னித்துவிட்டதாகவும், தாமே கெடுத்துக்கொண்டதை மட்டும் சீராக்குவதற்கில்லை என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும் தெரிவித்தார். துஃபைல் (ரலி) இதை நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, நாயகம் அவர்கள் அந்த இரு கைகளையும் மன்னித்தருளுமாறு அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள்.

இரண்டு ஹதீஸ்களிலும் ஆயுதத்தின் பெயர் ஒன்றே: மஷாகிஸ், அம்பு முனைகள். ஒரே நூலில், சில நூறு பக்க இடைவெளியில் இரண்டும் இருக்கின்றன. ஒன்றை நினைவில் வைத்திருந்தோம், மற்றொன்றை மறந்துவிட்டோம். இரண்டாவதில் அந்த மனிதரைப் பற்றி வரும் சொல்லைக் கவனியுங்கள். ‘ஜஸிஅ’ என்று வருகிறது. புத்தி பேதலித்தார் என்று பொருளல்ல. பொறுக்க முடியாமல் துடித்துப்போனார் என்று பொருள். சகோதரர் கேட்கிற இரண்டுக்கும் நடுவிலே இருக்கிறது அந்தச் சொல். கை செய்தது சரி என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அது மூடப்பட்டிருந்தது. அந்தக் கைக்காகவும் துஆச் செய்யப்பட்டது.

அந்த வாலிபருக்கு இருந்தது இதே நோய்தானா என்று நாம் சொல்ல முடியாது. யாரும் அவரை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. போகச் சொல்லி நாமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்ற ஹதீஸைச் சர்க்கரை வியாதிக்காரருக்குச் சொல்லியிருக்கிறோம். இவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

சொல்லியிருந்தால் பலன் உண்டா என்றால், உண்டு. இந்த நோய்க்கு முதன்மையான சிகிச்சை மாத்திரை அல்ல, பேசிப் பழக்குவது. தூக்கமின்மை, மனச்சோர்வு முதலியவை கூட இருந்தால் மாத்திரையும் கொடுப்பார்கள். மார்ஷா லைனஹன் என்ற அமெரிக்க அம்மையார் இதற்கென ஒரு பயிற்சி முறையை வகுத்து, அதன் பலனை 1991-இல் வெளியிட்டார். உணர்ச்சி பொங்கும்போது அதைக் கண்டுகொள்வது, அதைச் சகித்துக் கடப்பது, மெல்லத் தணிப்பது, உறவை முறித்துக்கொள்ளாமல் தன் தேவையைக் கேட்பது ஆகியவற்றை மாதக்கணக்கில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்நோயாளிகளைத் தீக்காயம் பட்டு மேல்தோல் இல்லாமல் போனவர்களுக்கு அவர் ஒப்பிட்டார்: மெல்லத் தொட்டாலும் வேதனை. தங்கள் துன்பங்கள் எல்லாவற்றையும் இவர்களே உண்டாக்கிக்கொள்ளவில்லை, ஆனாலும் தீர்க்கும் வேலை இவர்கள்மேல்தான் விழுகிறது என்பது அவர் முறையின் அடிப்படை. இந்த அம்மையாரே 17 வயதில் தம்மைக் காயப்படுத்திக்கொண்டதற்காக மனநோய் ஆஸ்பத்திரியில் வைக்கப்பட்டிருந்தவர் என்பதை 2011-இல்தான் வெளியே சொன்னார். மக்லீன் என்ற அமெரிக்க மருத்துவமனையில் இந்நோயாளிகளைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தபோது மிகப் பெரும்பாலோருக்கு நோய்க்குறிகள் தணிந்திருந்தன. வேலை, குடும்பம் என்று முழுதாக நிலைப்படுவது அதைவிட மெதுவாக நடந்தது.

உணர்ச்சி கொதிக்கும் வேளையில் முகத்தைக் குளிர்ந்த நீரில் நனைப்பது அந்தப் பயிற்சிகளில் ஒன்று. கோபம் வந்தால் உளூச் செய்யும்படியும், நின்றிருந்தால் உட்காரும்படியும் ஹதீஸ்கள் வந்திருப்பது வாசகர்களுக்கு நினைவுவரும். ‘எல்லாம் எங்களிடம் அன்றே இருந்தது’ என்று இங்கே மார்தட்டிக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. இருந்ததை வைத்து அந்த வாலிபருக்கு நாம் என்ன செய்துவிட்டோம்? உளூச் செய் என்று வாயால் சொன்னோம். பக்கத்தில் உட்கார்ந்து பழக்கவில்லை.

வீட்டாருக்குச் சில வார்த்தைகள். அலை எழும்பியிருக்கும்போது தர்க்கம் செய்யாதீர்கள். ‘போன் வராததற்கா இவ்வளவு?’ என்று கேட்காதீர்கள். அவருக்கு அது இவ்வளவுதான். ‘பயந்துபோயிருக்கிறாய், தெரிகிறது’ என்று சொல்வதால் அவர் செய்ததை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. தட்டை உடைத்தால் மறுநாள் அவரே அள்ளட்டும். அதைச் சொல்லிக் காட்டி ஊரைக் கூட்ட வேண்டாம். தம்மைக் காயப்படுத்திக்கொள்பவர் ‘பயமுறுத்துகிறார்’ என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். இந்நோயாளிகளில் உயிரை இழந்தோர் குறைவல்ல. சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே உடன் இருந்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய ஏற்பாடு இது. தமிழக அரசின் 104-உம் உண்டு. ஓதிப் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஜின்கள் உண்டு என்பது நம் ஈமானில் அடங்கியது. ஆனால் ஓதிப் பார்க்க வருகிறவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அடித்தால், கட்டிப்போடச் சொன்னால், அவரை அந்த நிமிடமே வாசலுக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

சபரில் இருக்கும் அந்த மாப்பிள்ளைக்கும் ஒரு கடிதம் தனியாக எழுதியிருக்கிறோம். வேலைத் தளத்தில் நேரம் நம் கையில் இல்லை என்பது நமக்குத் தெரியும். தினமும் பேச முடியாவிட்டால் முடியாது என்றே சொல்லிவிடலாம். வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் என்று முடிந்ததை மட்டும் சொல்லி, அதைத் தவறாமல் காப்பாற்றினால் போதும். கோபத்தில் மனைவி சொல்லும் ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்ற வார்த்தைக்கு அந்த நேரத்தில் பதில் எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டோம். கோபத்தில் இருக்கும்போது தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று காஜிகளுக்கே தடை இருக்கிறது.

சகோதரருக்கு மீதிப் பதில்கள்: உம்மாவை ஏசியதற்குத் தங்கை தவ்பாச் செய்யட்டும், உம்மாவிடம் மன்னிப்புக் கேட்கட்டும். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. உம்மா ஒவ்வொரு முறையும் மன்னிக்க வேண்டியிருப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள்; உம்மாவுக்கும் களைப்பு உண்டு, அவர்களையும் ஒரு நாள் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கையில் தழும்போடு உளூச் செல்லுமா என்று தங்கை கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் செல்லும். தழும்பின் மேல் தண்ணீர் ஓடினால் போதும்.

ஜமாஅத்தாரின் விஷயம். அந்தப் பிள்ளைகளில் யாரையாவது அவர் அடித்தாரா, ஏசினாரா என்று விசாரித்தோம். ஏழு ஆண்டுகளில் ஒரு முறையும் இல்லை என்று பிள்ளைகளின் உம்மாமார்கள் சொல்லியிருக்கிறார்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே உள்ள அந்த நேரம்தான் அவருடைய நாளில் அலை அடங்கியிருக்கும் நேரம் என்பதும் தெரிகிறது. அவருக்கு முடியாத நாளில் பாடம் இல்லை என்று சொல்லி அனுப்ப உம்மாவிடம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஓதிக் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை என்று ஜமாஅத்துத் தலைவருக்கு நம் கையெழுத்திட்டு எழுதி, அதன் நகலை இத்துடன் உங்களுக்கும் அனுப்பியிருக்கிறோம். நாம் அந்த ஊரில் இருந்திருந்தால் நம் மகளையும் அவரிடம்தான் ஓத அனுப்புவோம் என்று அதில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.